மூன்று முறை ஊதும் சங்கு

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் பிற்பகலில் வைகை அணையைக் காணச் சென்றிருந்தோம். தேனியிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் வழியெங்கும் மழை பெய்து ஓய்ந்த பசுமை. ஒருபுறம் வருசநாட்டு மலைகள் நீல நிறத்தில் நீண்டு கிடந்தன. அணையின் மேல் ஏறி நின்றபோது, மலையடிவாரம் வரை பரந்து கிடந்த நீர்ப்பரப்பு மாலை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. கீழே, ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த பூங்காக்களில் குழந்தைகளின் கூச்சல். இரு கரைகளையும் இணைக்கும் சிறு பாலத்தில் மக்கள் இங்கும் அங்குமாகக் கடந்துகொண்டிருந்தனர். அவர்களிடம் யாரும் எந்தச் சீட்டையும் கேட்கவில்லை.

இப்படி ஓர் எண்ணம் எங்களுக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. எங்களோடு கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த அம்மையார் ஒருவரும், அவருடைய மகள் வயிற்றுப் பேரனும் வந்திருந்தனர். அம்மையார் அறுபதைக் கடந்தவர். ஏலத்தோட்டங்களில் உழைத்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். இலங்கையில் வாழ்ந்த தம் தமக்கையாரை இழந்து அப்போது முப்பது நாள்களே ஆகியிருந்தன. இறுதி முகத்தைக் காணவில்லையே என்ற ஏக்கம் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. சற்று நேரம் தண்ணீரைப் பார்த்து அமர்ந்திருந்தால் மனம் ஆறும் என்றுதான் அவரை அங்கு அழைத்துச் சென்றோம்.

எல்லை கடந்து வரும் நீர்

வைகை அணை 1959-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அன்றைய முதலமைச்சர் காமராசரால் திறந்துவைக்கப்பட்டது. அதன் உயரம் 111 அடி. ஆனால் அதில் தேக்கப்படும் நீரின் முழு அளவு 71 அடிதான். மதுரை மாநகரின் குடிநீருக்கும், திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வயல்களுக்கும் இங்கிருந்தே நீர் செல்கிறது.

இங்கே தேங்கும் நீர் முழுவதும் வைகையின் சொந்த நீர் அன்று. கேரள மலைகளில் மேற்கு நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, கம்பம் பள்ளத்தாக்கின் வழியாகக் கிழக்கே திருப்பிய கதையைத் தேனி மாவட்டத்துச் சிறு பிள்ளைகளும் அறிவர். பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் பெயர் இன்றும் இங்குள்ள குழந்தைகளுக்குச் சூட்டப்படுகிறது. 1895-ல் அந்த அணை திறக்கப்பட்டது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, 1886 அக்டோபர் 29-ஆம் நாள், திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே குத்தகைப் பத்திரம் ஒன்று எழுதப்பட்டது. அதன் காலம் 999 ஆண்டுகள்!

நீருக்கும் எல்லை கடக்க ஒரு பத்திரம் வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தோம். எத்தனையோ வழக்குகளும் பிணக்குகளும் பின்னாளில் எழுந்தபோதிலும், அந்தப் பத்திரம் எழுதியவர்கள் நெடுந்தொலைவு பார்த்தவர்கள் என்பதில் ஐயமில்லை. மனிதருக்கு வழங்கப்படும் கடவுச்சீட்டுக்கோ பத்தே ஆண்டுகள். அந்தப் பத்தையும் முழுமையாகக் கணக்கில் கொள்ள முடியாது என்பதை அம்மையாரின் வாழ்க்கை எங்களுக்குக் கற்பித்தது.

ஒரு தாய் வயிற்றில் இரு நாட்டவர்

அவருடைய பாட்டனார் பஞ்ச காலத்தில் இலங்கை சென்றவர். அந்நாளில் தோட்டத்திற்கு ஆள் திரட்டிச் சென்ற கங்காணிகள், தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டைத் தொழிலாளியின் கையில் கொடுப்பார்களாம். மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் நொடி இல்லையென்று கண்டபின் கப்பலேற்றுவார்கள். கடவுச்சீட்டு என்ற பேச்சே கிடையாது. இந்த வைகையாறும் இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, எஞ்சிய நீர் மண்டபத்தை அடுத்த அந்தக் கடலில்தான் போய்ச் சேருகிறது. ஆறு போன திசையிலேயே அதன் கரை மக்களும் போனார்கள்.

இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949-ல் நடைமுறைக்கு வந்தபின், பாக்கு நீரிணையைக் கடக்கக் கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாயின. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரையும் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்ள 1974-ல் மற்றோர் ஒப்பந்தம் எழுதப்பட்டது.

அந்த 1974-ல்தான் இந்த அம்மையார் பத்து வயதுச் சிறுமியாகத் தலைமன்னாரில் கப்பலேறினார். "அப்பாவின் பாஸ்போர்ட்டில் எங்கள் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். அக்காவின் பெயர் மட்டும் அதில் இல்லை" என்றார். தமக்கையார் அதற்கு முன்பே அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மணமாகிச் சென்றிருந்தார். அவருடைய கணவர் வீட்டாருக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்திருந்தது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரும் அன்று முதல் வெவ்வேறு நாட்டவர் ஆயினர்.

பிறகு போர் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் கப்பலும் நின்றது. கடிதங்கள், பிறகு தொலைபேசி, அதன்பின் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் வசதி. ஒரே ஒரு முறை, பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கியபின், அம்மையார் கடவுச்சீட்டு எடுத்து அட்டன் சென்று திரும்பினார். "இன்னொரு தடவை வருகிறேன், அக்கா" என்று சொல்லி வந்தாராம்.

அந்த இன்னொரு தடவைதான் வாய்க்கவில்லை. தமக்கையார் நோயுற்றுப் படுத்திருக்கிறார் என்ற செய்தி வந்ததும் மகன் பயணச்சீட்டு எடுத்தான். இணையத்தின் வழியே பயண அனுமதிக்கும் ஏற்பாடு செய்தான். பெட்டி நிறையத் துணியும், ஊர் மிளகும் ஏலமும் கட்டி எடுத்துக்கொண்டு விமான நிலையம் சென்றார்கள். அங்கே கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்தவர், "இது முடிய இன்னும் நான்கு மாதந்தான் இருக்கிறது. ஆறு மாதம் இருந்தால்தான் ஏற்றிக்கொள்ள முடியும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இலங்கை செல்வோரின் கடவுச்சீட்டு, அங்கு இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதங்களாவது செல்லத்தக்கதாக இருக்கவேண்டும் என்பது விதி. காலாவதியாகாத சீட்டு எப்படிச் செல்லாமற்போகும் என்று மகன் வாதாடிப் பார்த்தான். பயனில்லை.

மறுநாளே புதிய கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். அது வந்து சேர மூன்று வாரங்கள் ஆயின. பதினெட்டாம் நாள் இரவில் தமக்கையார் கண்ணை மூடிவிட்டார்.

அணை கற்பித்த பாடம்

இவற்றையெல்லாம் அணையின் மேல் அமர்ந்தபடி அம்மையார் சொல்லிக்கொண்டிருந்தபோது, அணையைப் பற்றி நன்கறிந்த உள்ளூர் அன்பர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். நீர்மட்டம் 66 அடியை எட்டியதும் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை விடுக்கப்படும் என்றும், 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை என்றும் விளக்கினார். அபாயச் சங்கு ஊதும் ஓசை ஆற்றோர ஊர்களில் கேட்குமாம்.

அம்மையார் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அணைக்கு மூன்று தடவை சங்கு ஊதுகிறார்கள். என் சீட்டுக்கு யார் ஊதினார்கள், தம்பி?" என்றார்.

எங்களால் விடை சொல்ல இயலவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை எங்கள் வாசகக் குடும்பங்கள் ஒவ்வொன்றின் முன்னும் வைக்கவேண்டும் என்று அப்போதே முடிவு செய்தோம். இன்று நம் குடும்பங்களில் கடல் கடந்து வாழும் ஒருவரேனும் இல்லாத வீடு அரிது. அழைப்பு எந்த நேரத்தில் வரும் என்று எவரும் அறியோம்.

அணையின் உயரம் 111 அடியானாலும் தேக்குவது 71 அடி. அதுபோலவே, கடவுச்சீட்டில் அச்சிட்ட ஆண்டுகள் பத்தானாலும், பல நாடுகளுக்குச் செல்ல உதவுவது ஒன்பதரை ஆண்டுகளே. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு நாடுகள் ஆகிய அனைத்தும் ஆறு மாத மீதக்காலத்தைக் கேட்கின்றன. உரோமை முதலிய திருத்தலங்களுக்குச் செல்ல விரும்புவோர் வேறொரு கணக்கை நினைவில் கொள்ளவேண்டும். இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளின் பொது விசாவுக்கு, அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதங்கள் சீட்டு செல்லத்தக்கதாக இருக்கவேண்டும். அது கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், வெற்றுப் பக்கங்கள் இரண்டேனும் உள்ளதாகவும் இருத்தல் வேண்டும்.

கடவுச்சீட்டு முடிவதற்கு ஓராண்டு முன்பே புதியது கோரி விண்ணப்பிக்க நம் நாட்டில் இடமுண்டு. 2007-ல் மதுரையில் கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்படும் வரை இப்பகுதி மக்கள் திருச்சிக்கு அலையவேண்டியிருந்தது. இப்போது அந்த அலைச்சல் இல்லை. ஆகவே, முடியும் நாளுக்கு ஓராண்டு முன்பு முதற்சங்கு, ஒன்பது மாதத்தில் இரண்டாம் சங்கு, ஏழு மாதத்தில் மூன்றாம் சங்கு என்று நாமே நமக்கு ஊதிக்கொள்ளலாம். சுவரில் மாட்டிய நாட்காட்டியில் ஒரு குறி போதும்.

குழந்தைகளின் சீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு ஐந்து ஆண்டுகள், அல்லது பதினெட்டு நிறையும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான் செல்லும். பதினைந்து வயதைக் கடந்தோர் விரும்பினால் பத்தாண்டுச் சீட்டும் பெறலாம். பெற்றோரின் சீட்டு செல்லும் நிலையில் இருக்க, பிள்ளையின் சீட்டு முடிந்துபோன குடும்பங்கள் பல.

நாளும் பெயரும்

கடவுச்சீட்டு நம் நாடு தருவது. விசா நாம் செல்லும் நாடு தருவது. ஒன்று இருந்தால் மற்றது தானே வந்துவிடாது. சில நாடுகள் நம்மவரிடம் விசா கேட்பதில்லை. சில நாடுகள் இணையத்தின் வழியே முன் அனுமதி மட்டும் பெறச் சொல்கின்றன. இவ்விதிகள் அடிக்கடி மாறுபவை. ஆகவே சென்ற ஆண்டு சென்றுவந்தவரின் சொல்லை நம்பாமல், பயணச்சீட்டு எடுக்குமுன் அந்நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.

விசாவிலும் இருவகை நாள்கள் உண்டு. எந்த நாளுக்குள் அந்நாட்டில் நுழையவேண்டும் என்பது ஒன்று. நுழைந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்பது மற்றொன்று. இந்த அணையிலிருந்து பெரியாறு பாசனத்தின் இருபோக நிலங்களான 45,041 ஏக்கருக்கு நீர் திறக்கும் அரசாணையில், திறக்கும் தேதியும் குறிக்கப்படும்; 120 நாள் என்ற கணக்கும் குறிக்கப்படும். தேதி வேறு, நாள்கணக்கு வேறு என்பதை உழவர் அறிவர். விசாவில் மட்டும் இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டு, தங்கும் நாள் கடந்து தண்டம் கட்டியோரை நாங்கள் அறிவோம்.

அம்மையாரின் பேரன் துபாயில் வேலை தேடி விண்ணப்பித்திருக்கிறான். அவனுடைய கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்தோம். பெயர் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது; குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் இட்டுக்கொள்ளும் தமிழர் வழக்கம் வெளிநாட்டாருக்குப் புரிவதில்லை. ஒற்றைப் பெயர் மட்டும் கொண்ட சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள் அறிவித்ததும், தமிழர் பலர் திகைத்தனர். சீட்டின் இறுதிப் பக்கத்தில் உள்ள தந்தையின் பெயரைக் கொண்டு பின்னர் விலக்கு அளிக்கப்பட்டது. எனினும், முதலெழுத்தை விரித்து முழுப்பெயராக எழுதிக்கொள்வது நலம்.

நம் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். ஓரிடத்தில் அந்தோணி, மற்றோரிடத்தில் ஆண்டனி. பிள்ளை பிறந்தவுடன் அரசின் பிறப்புச் சான்றிதழில் எழுதும் பெயரே எல்லா இடங்களிலும் எழுத்துப் பிசகாமல் வரும்படி பார்த்துக்கொள்வது பெற்றோர் கடமை. 2023 அக்டோபர் 1-ஆம் நாளிலும் அதன் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குக் கடவுச்சீட்டு பெற, பிறந்த நாளுக்குச் சான்றாக அந்தப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஏற்கப்படும் என்பதையும் மறத்தலாகாது.

வேலைக்குச் செல்லும் இளைஞர்களுக்கு மேலும் ஒரு சொல். பத்தாம் வகுப்பு தேறாதோர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி முன் அனுமதி பெறவேண்டும். அதைத் தவிர்க்க, சுற்றுலா விசாவில் போய் வேலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று ஆசை காட்டும் முகவர்கள் உண்டு. அவ்வாறு போனவருக்குச் சட்டத்தின் காவல் கிடைப்பது அரிது. கடவுச்சீட்டு இந்திய அரசின் உடைமை என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதை முகவரிடம் அடகு வைப்பதும், முதலாளி பறித்து வைத்துக்கொள்வதும் தவறு.

சீட்டே இல்லாதோர்

இருட்டத் தொடங்கியதும் கீழிறங்கினோம். அம்மையார் தம் துயரை மறந்து வேறொருவரைப் பற்றிப் பேசலானார். 1983-க்குப் பிறகு போருக்கு அஞ்சிப் படகேறி வந்த இலங்கைத் தமிழர்களுக்குத் தேனி மாவட்டத்திலும் முகாம்கள் அமைக்கப்பட்டன. 2021 முதல் அவை மறுவாழ்வு முகாம்கள் என அழைக்கப்படுகின்றன. அம்மையாருடன் தோட்ட வேலைக்கு வரும் ஒரு பெண் அங்கே வாழ்பவர். "எனக்காவது தேதி முடிந்த சீட்டு இருந்தது. அவளுக்குச் சீட்டே இல்லை, தம்பி" என்றார்.

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும் இந்தியக் குடிமகனே. அந்நாளில் முகாமில் பிறந்தவருக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் ஆணையிட்டதும் உண்டு. அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவருக்கு இந்த உரிமை இவ்வாறு கிடைப்பதில்லை. ஆகவே ஒரே குடிசையில் பிறந்த அண்ணன் இந்தியனாகவும், தம்பி அயலானாகவும் இருக்கக்கூடும். 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டும் விசாவும் இன்றித் தங்கியிருப்பதற்காகத் தண்டிப்பதில்லை என்று 2025 செப்டம்பரில் இந்திய அரசு ஆணை பிறப்பித்தது. அது ஓர் ஆறுதலே. எனினும் தண்டனை இல்லை என்பது வேறு, நாடு உண்டு என்பது வேறு.

நம் பெட்டியில் பத்திரமாக உறங்கும் அந்த நீலநிறச் சிறு நூல் எவ்வளவு பெரிய செல்வம் என்பதை, அது இல்லாதோரை எண்ணும்போதுதான் உணர்கிறோம். அதை முடியும் நாள் பாராமல் வீணாக்குவது, திறந்த மதகை மூட மறப்பது போன்றதே.

அம்மையாரிடம் இப்போது புதிய கடவுச்சீட்டு இருக்கிறது. தமக்கையாரின் கல்லறையைக் காண அட்டன் செல்லவிருக்கிறார். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலைப் பற்றிப் பேரன் சொன்னதும், "வந்தது கப்பலில், போவதும் கப்பலிலே போகிறேன்" என்றார். முகம் சற்றுத் தெளிந்திருந்தது. பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துப் பேரனிடம் கொடுத்து, முடியும் நாளை உரக்க வாசிக்கச் சொன்னார். அவன் வாசித்தான். "அதிலிருந்து ஆறு மாதத்தைக் கழித்துச் சொல்" என்றார்.

அன்றிரவு வீடு திரும்பியதும் எங்கள் தகரப் பெட்டியை நாங்களும் திறந்து பார்த்தோம். எங்கள் சீட்டுக்கு ஏழு மாதங்களே மீதமிருந்தன. மகன் பதின்மூன்று வயதில் எடுத்த சீட்டு முடிந்து ஓராண்டு கடந்திருந்தது. மறுநாள் காலையில் செய்த முதல் வேலை, இரண்டுக்கும் விண்ணப்பித்ததுதான்.